அஞ்சாவது பட்டை

செத்துப்போன மனுஷன் தன்னோட காரு வேலைக்குத் தானே மேஸ்திரியா வந்து நின்னா எப்படியிருக்கும்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமுங்க, ஏன்னா போன ஐப்பசி மாசம் பூராவும், மழை பேஞ்ச நாளும் பேயாத நாளும், பொள்ளாச்சி வண்டிப்பேட்டை வீதியில இருக்கிற என்ற பெயிண்ட் பட்டறையில, நாட்ராயண்ணன் ஏழு குரோமியப் பட்டைக்குள்ள இருந்துக்கிட்டு, நான் உப்புத்தாள் புடிக்கிற தினுசு சரியில்லைன்னு என்னைய வஞ்சுக்கிட்டே இருந்தாரு.

அவரைப் பத்தி மொதல்ல சொல்லிப்போடறேன். சாவி நாட்ராயன்னாத்தான் எங்கூர்ல தெரியும். அவங்கப்பா காலத்துல வாங்கின படகுக் காரு ஒண்ணு, கன்னங்கரேல்னு, முன்னால படுக்கைவாட்டுல ஏழு பட்டை வச்ச கிரில்லோட, எருமை பல்லு வெளக்கிட்டுச் சிரிக்கிறாப்பல நிக்கும். நாப்பது வருஷமா அந்தக் காரை அவரு ஒருத்தருதான் தொட்டாரு. தெனமும் காலையில ஆறு மணிக்குக் கிரில்லு முன்னால குந்தவச்சு மஞ்சத் துணியில தொடைப்பாரு, தொடைக்கிறப்பவே ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் அந்தப் பட்டையைப் பாத்தே வைவாரு, வஞ்சு முடிச்சு மார்க்கெட் வரைக்கும் ஓட்டிட்டுப் போயி ஊட்டுக்குத் திரும்பி வருவாரு, மூணு கிலோமீட்டரு, அவ்வளவுதான் அந்தக் காரு பாத்த உலகம். சாவி சட்டைப் பாக்கெட்டுல இருக்கும், சட்டை இல்லாதப்ப அரைஞாண் கயித்துல இருக்கும். சம்சாரம் மயிலாத்தாக்கா பின் சீட்டுல எடது பக்கம். கண்ணாடியை எறக்கப்படாது, கைப்பிடி தேஞ்சுபோகும். கதவை அவரே சுத்தி வந்து தொறந்து விடுவாரு, பாக்கறவங்க என்னமோ மரியாதைன்னு நெனைப்பாங்க, அந்தக்கா தொறந்தா கீலு எறங்கிப்போகும்னுதானுங்க.

குரோமியம் அங்கங்க பொரிய ஆரம்பிச்சப்ப, முலாம் பட்டறைக்கு அனுப்பினா எவனோ கை வச்சுப்போடுவான்னு, ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவரே டப்பாவுல வெள்ளி பெயிண்ட் வாங்கிட்டு வந்து மேலுக்கு மேல அடிச்சாரு, பத்தொம்பது வருஷத்துல அந்தக் கிரில்லு பஜ்ஜியாட்ட உப்பிப்போச்சு.

இதுல அந்தக்காவுக்கு ஒரு வெசனம். தங்கச்சி சிவகாமி வால்பாறையில எஸ்டேட்டு லயன் வீட்டுல இருக்குது, இடுப்பொடிஞ்சு கீழ எறங்க முடியாது. அக்கா தங்கச்சி மூஞ்சியைப் பாத்துப் பதினோரு வருஷமாச்சு. கார்ல கூட்டிட்டுப் போங்கன்னா நாப்பது கொண்டையூசி வளைவு, இஞ்சின் கொதிச்சுப்போகும்னு சொல்லிருவாரு. அப்ப பஸ்ஸுல போறேன்னா, ஊட்டுல காரு நிக்கிறப்ப என்ற பொண்டாட்டி பஸ்ஸுல போறதான்னு கேப்பாரு. காரும் போகாது, பஸ்ஸும் ஆகாது. கேட்டுக் கேட்டுப் பதினோரு வருஷம் ஓடிப்போச்சு.

ஆடி மாசத்துல ஒரு நாள் காலையில, மஞ்சத் துணியோட, கிரில்லு மேல நெத்தியச் சாச்சாப்பல நாட்ராயண்ணன் போயிட்டாரு. ஒறம்பரை வந்து ஒப்பாரி வைக்கறதுக்கு முந்தி மயிலாத்தாக்கா பண்ணின மொதல் காரியம், அவரு பாக்கெட்டுல கைய உட்டுச் சாவியை எடுத்துத் தன்ற முந்தானையில முடிஞ்சுக்கிட்டதுதான். அம்பத்தொம்பது வயசுல டிரைவிங் ஸ்கூல்ல சேந்து, மூணு தடவை ஃபெயிலாகி, நாலாவது தடவை லைசென்ஸ் வாங்குச்சு. வாங்கின மறுநாளே டிராக்டர்ல கட்டி இழுத்துட்டு என்ற பட்டறைக்குக் காரு வந்துருச்சு.

மூணு மாசமா நின்னு பேட்டரி எறங்கிப்போனதுனாலதான் டிராக்டராம், இஞ்சினை மெக்கானிக் பாத்துட்டானாம், அது பாட்டுக்கு ஓடுமாம். எனக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, கறுப்பைச் சொரண்டிப்போட்டுக் கத்திரிப்பூ கலர் அடிக்கோணும். ரெண்டு, போல்ட்டு துருப்புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கிற கிரில்லைப் புதுசாட்ட ஆக்கோணும், ஏன்னா ரேடியேட்டரைத் தொறந்து போட்டுட்டு மலையேற முடியாது. கார்த்திகைத் தீபத்தன்னிக்கு சிவகாமி வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிக்கிறதா வாக்குக் குடுத்திருக்குதாம். இப்பத்தான் தடுக்கறதுக்கு ஆளில்லையே, பஸ்ஸுல போயிரலாமேக்கான்னு கேட்டேன். பஸ்ஸுல போறதுக்கா மூணு தடவை ஃபெயிலானேன்னு என்னையவே திருப்பிக் கேட்டுச்சு.

கிரில்லுல பெயிண்ட் ரிமூவர் தடவி ஊற வச்சு, தகட்டால சொரண்ட ஆரம்பிச்சேன். பத்தொம்பது ஆயுத பூஜை உரிஞ்சு உரிஞ்சு வந்துச்சு. மேல இருந்து மூணாவது பட்டையில ரெண்டு கண்ணு இருந்துச்சு. என்னையப் பாத்துச்சு. நான் சொரண்டறதை நிறுத்தலைங்க, கார்த்திகைக்கு முப்பத்தெட்டு நாளுதான் இருந்துச்சு. ஒண்ணு, ரெண்டுல நெத்தியும் வழுக்கையும். நாலுல மூக்கு. அஞ்சாவதுல மீசையும் வாயும். ஆறுல தாடை. ஏழாவது பட்டையில சட்டைப் பாக்கெட்டு, அதை ஒரு கை தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு, பாக்கெட்டு காலி.

வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, சத்தம் மட்டும் இல்லை.

இங்க என்ற தொழிலைப் பத்தி இன்னொண்ணு சொல்லோணும். பெயிண்ட் அடிக்கிறது வயித்துக்கு. கோயில் நோம்பி, திருவிழான்னா மேடையேறி மிமிக்ரி பண்றது எனக்கு. சந்தை ஏலக்காரரு, கதவு சரியாச் சாத்தாத டவுன் பஸ்ஸு, மாவு மில்லு மோட்டாரு கரண்டு போறப்ப இழுக்கிற மூச்சு, எல்லாம் வரும். அஞ்சு வருஷத்துக்கு முந்தி மாரியம்மன் நோம்பியில நாட்ராயண்ணனைப் பண்ணினேன், ஊரே வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. மொத வரிசையில இருந்த மனுஷன் எந்திரிச்சு மேடைக்கு வந்து, மைக்கை வாங்கி, கனகு, நீ பண்ணினதுல ரெண்டு எடத்துல தப்புன்னு சொல்லி, எந்த எடத்துல மூச்சு உடோணும்னு எனக்கே பண்ணிக் காட்டிப்போட்டு எறங்கிப் போனாரு. ஆகக்கூடி அந்தக் குரலு எனக்கு முதலாளி கையெழுத்துப் போட்டுக் குடுத்த குரலு.

எதுத்தாப்பல டீக்கடை பொன்னுத்தாயி டம்ளரை வச்சுப்போட்டு, கிரில்லைக் குனிஞ்சு பாத்து, அண்ணன் என்னமோ சொல்றாராட்ட இருக்குதேன்னுச்சு. அந்த வாய் அசையறதைப் பாத்ததும் என்ற வாய் தானா தொறந்துக்கிச்சு. "உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சுப் புடிடா, சோம்பேறி நாயே"ன்னு நாட்ராயண்ணன் குரல்ல நானே என்னைய வஞ்சுக்கிட்டேன். உதடும் சத்தமும் ஒரு நூல் பெசகலை. பொன்னுத்தாயி ரொம்ப சரியாச் சொன்னாருன்னு சொல்லிப்போட்டு, அண்ணனுக்குச் சக்கரை கம்மியா இன்னொரு டீ கொண்டுவந்து பம்பர் மேல வச்சுது.

அன்னைக்கோட என்ற பொழப்பு போச்சுங்க.

மறுநாள்ல இருந்து வீதியே வந்துச்சு. யாரும் ஆச்சரியப்படலை. ஆச்சரியப்பட்டிருந்தாக்கூட ரெண்டு நாள்ல அலுத்துப் போயிருப்பாங்க, இவங்க ஒறம்பரை ஊட்டுக்கு வர்றாப்பலல்ல வந்தாங்க, செருப்பை வெளிய உட்டுப்போட்டு, வாழைப்பழம் சகிதமா. நெலக்கடலை எப்ப வெதைக்கலாம்னு கேக்க ஒருத்தரு, புது மருமகனைக் காட்ட ஒரு குடும்பம், அந்த மருமகன் பைக்கை நிறுத்தின எடம் சரியில்லைன்னு அவரு வைய, அதை நான் சத்தம் போட்டுச் சொல்ல, மருமகன் போயி எடம் மாத்தி நிறுத்திட்டு வந்து பம்பரைத் தொட்டுக் கும்பிட்டான். ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் சென்னியப்பன் காலையில பத்து மணிக்கு வந்து, நாட்ராயண்ணன் காம்பவுண்டு மேல சாஞ்ச தன்ற புளியங்கெளையைப் பத்தி அவரு சாவுறப்பப் பாதியில நின்னுபோன சண்டையைத் தொடர்ந்து போட்டாரு, பதினோரு மணி வரைக்கும், ஞாயித்துக்கெழமை மட்டும் லீவு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒருத்தன் ரெண்டு பக்கமும் கத்திக் கத்தி, தொண்டைக்குச் சுக்குக் காப்பி குடிச்சுக் குடிச்சு என்ற வயிறு வெந்துபோச்சு. கோயில் பூசாரி வந்து பாத்து, இது சாமியுமில்லை, பேயுமில்லை, அதனால மாலை போடலாம், சூடம் மட்டும் பத்த வைக்கப்படாது, பக்கத்துல தின்னர் டின்னு இருக்குதுன்னு தீர்ப்புச் சொல்லிப்போட்டுப் போனாரு.

ஒடுக்கெடுக்கறதுக்குப் பட்டைகளைக் கழட்டி, முதுகுல சாக்பீஸ்ல ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டுக் காய வச்சேன். சாப்பிட்டு வர்றதுக்குள்ள பொன்னுத்தாயி ஈரத் துணியில அத்தனையும் தொடைச்சு வச்சிருந்துச்சு. ஏனம்முணின்னு கேட்டா, அண்ணன் முதுகெல்லாம் ஒரே சாக்பீஸா கெடந்துச்சு, பாக்கவே சங்கடமா இருந்துச்சுங்குது. குத்துமதிப்பா மாட்டினேன். நெத்தியில வாய், வாய் இருந்த எடத்துல வழுக்கை, பாக்கெட்டுக்குக் கீழ ரெண்டு கண்ணு. அன்னைக்குப் பூரா அவரு நெத்தியில இருந்து வஞ்சாரு. வந்தவங்க ஒருத்தர் கூடத் தப்பா சொல்லலை. கொஞ்சம் எளைச்சாப்பல தெரியுதுன்னு ஒருத்தங்க, இல்லை, முன்னைக்கு இப்ப முகம் தெளிச்சின்னு ஒருத்தங்க. சென்னியப்பன் மட்டும் எந்த எடத்தைப் பாத்துச் சண்டை போடறதுன்னு தெரியாம அன்னைக்கு அரை மணி நேரத்துலயே எந்திரிச்சுப் போயிட்டாரு. அப்படியே உட்டுப்போடலாமான்னு எனக்கு ரோசனை வந்துச்சு, ஆனா என்னைய வையறதுக்கு அந்த வாய்க்கு எந்த எடமா இருந்தா என்ன. மறுநாளே பட்டைகளைப் பழைய வரிசையில மாட்டிப்போட்டேன்.

கத்திரிப்பூ கலரைப் பின்கதவுல மொதக் கோட்டு அடிச்சேன் பாருங்க, அதுதான் ரோதனையிலயே பெரிய ரோதனை. முன்னால இருக்கிற கிரில்லுக்குப் பின்கதவு எப்படித் தெரியும்னு நெனைச்சேன். எதுத்தாப்பல டீக்கடை பித்தளைப் பாய்லர்ல தெரிஞ்சிருக்குது. அஞ்சாவது பட்டை அன்னைக்கு அசைஞ்ச அசைப்புல மேலாப்புல வச்சிருந்த டீ டம்ளரு கீழ உழுந்துச்சு. அதுல பாதியை நான் குரல் குடுக்கவே இல்லை, பொம்பளைங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க.

மயிலாத்தாக்கா தெனமும் வரும். வேலை எந்த மட்டும் ஆச்சுன்னு பாக்கும், கதவுல வெரலை வச்சுப் பெயிண்ட் காஞ்சுதான்னு பாக்கும், போயிரும். அது வந்து நிக்கிற நேரம் மட்டும் மூணாவது பட்டைக் கண்ணு மூஞ்சியைப் பாக்காது, முந்தானை முடிச்சையே பாக்கும். ஏழாவது பட்டையில கை இன்னும் வேகமாப் பாக்கெட்டைத் தட்டும்.

இந்த லட்சணத்துல கோயமுத்தூர் உக்கடத்துல இருந்து முலாம் பட்டறை சிராஜ் பாய் வந்து பாத்தாரு. பாத்துப்போட்டு ஒரே பேச்சா சொன்னாரு. புதுக் குரோமியம் ஏறோணும்னா பழசு பூராவும் ஆசிட் தொட்டியில எறங்கோணும், உள்ள இருக்கிறவரும் அதோட போயிருவாரு. வேண்டாம்னா, மேல ஒரு தெளிஞ்ச லாக்கர் வார்னிஷ் அடிச்சு இப்படியே காப்பாத்தலாம், துரு மேற்கொண்டு ஏறாது, ஆனா பொரிப் பொரியாத்தான் இருக்கும், புதுசாட்ட வராது. எதுன்னு ஊட்டுக்காரங்க சொல்லோணும்.

ஊட்டுக்காரங்கன்னா மயிலாத்தாக்கா மட்டுமில்லையே. பையன் பூபதி, தேங்கா மண்டி வச்சிருக்கிறவன், நல்ல பையன், அப்பன் முன்னால உக்காந்து கூடப் பேசாதவன், அவன் வந்து பட்டறையில நின்னுக்கிட்டான். அப்பாவை ஆசிட்ல போட உடமாட்டானாம். காரை ஓட்டவே வேண்டாமாம். ஊட்டு முன்னால கண்ணாடி ரூம் கட்டி, திரும்பக் கறுப்பு அடிச்சு, உள்ள நிறுத்தி, சீரியல் பல்பு போட்டுடலாமாம். அம்மாவைச் சித்தி ஊட்டுக்கு டாக்சியில அனுப்பி வைக்கிறானாம். வீதியில முக்கால்வாசிப் பேரு அவன் பக்கம், ஏன்னா கண்ணாடி ரூம்னா தெனம் போயிப் பாக்கலாம். சென்னியப்பன் உக்கார ஒரு பெஞ்சு போட்டுக் குடுக்கச் சொல்லி இப்பவே கேட்டுப்போட்டாரு. அந்தக்கா பக்கம் இருந்தது நான் ஒருத்தன், அதுவும் எனக்கு அந்த மனுஷன் பட்டறையை உட்டுப் போனாச் சரிங்கிற ஒரே காரணத்துக்காக.

கடைசில பூபதிதான் ஒரு வழி சொன்னான். அப்பாவையே கேட்டுப்போடலாம்.

வெள்ளிக்கெழமை பொழுதோட வீதியே கூடிருச்சு. பொன்னுத்தாயி பாய்லரை அணைச்சுப்போட்டு வந்து நின்னுச்சு. பூபதி என்ற கையைப் புடிச்சு, "கனகண்ணா, நீங்களா ஒண்ணும் சேக்காம, அப்பா சொல்றதை அப்படியே சொல்லுங்க"ன்னான். சரிப்பான்னேன். அப்பறம் கிரில்லு முன்னால போயிக் கை கட்டி நின்னுக்கிட்டு, "அப்பா, அம்மா காரை வால்பாறைக்கு ஓட்டிட்டுப் போறேங்குது. என்னங்கப்பா பண்றது"ன்னு கேட்டான்.

கண்ணு முந்தானை முடிச்சுக்குப் போச்சு. கை பாக்கெட்டைத் தட்டுச்சு. வாய் அசைஞ்சுது. நான் குந்தவச்சுக்கிட்டு அந்த உதட்டைப் பாத்தேன். நாலு வாரமா நான் பாக்கற அதே உதடு, அதே பேச்சு, சாவி எங்க, சாவியக் குடு, வண்டி மலை ஏறாது, சாவியக் குடு. செத்து மூணு மாசம் முடிஞ்சு நாலாவது மாசம். இந்த ஒலகத்துல இருக்கிறவங்களுக்குக் கெடைக்காத ஒரு சந்தர்ப்பம் கெடைச்சிருக்குது, ஊரு பூராவும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்குது, இன்னும் சாவியக் குடு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பட்டையைக் கழட்டி அவரு தலையிலயே போட்டிருப்பேன், தலையும் பட்டையாப் போனதுனாலதான் உட்டேன்.

நான் வாயைத் தொறந்தேன். நாட்ராயண்ணன் குரலு வந்துச்சு, அவரே மேடையில திருத்திக் குடுத்த மூச்சோட.

"மயிலு, நீயே ஓட்டு கண்ணு. நான் முன்னால இருந்து பாத்துக்கறேன்."

உதடு அசைஞ்ச நேரத்துக்கும் என்ற பேச்சுக்கும் ஒரு நூல் பெசகலைங்க. என்ற ஆயுசுல அத்தனை சுத்தமா நான் எதையும் பண்ணினதில்லை. பொன்னுத்தாயி முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதுச்சு. சென்னியப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு, புளியங்கெளையை இனிமே பேசறதில்லைன்னாரு. பூபதி அவங்கம்மா கால்ல உழுந்து, ஓட்டும்மா, நீயே ஓட்டுன்னு அழுதான். பட்டைக்குள்ள அந்த மனுஷன் என்னையப் பாத்துப் போட்ட சத்தம் சத்தமில்லாத சத்தமா இருந்ததுனால நான் பொழைச்சேன்.

கூட்டம் கலைஞ்சுது. மயிலாத்தாக்கா மட்டும் தின்னர் டின்னு மேல உக்காந்திருந்துச்சு.

"கனகு, அவரு நெசமா என்ன சொன்னாரு?"

"அதாங்க்கா, சொன்னனே."

"நாப்பது வருஷம். ஏ இந்தா. இந்தா புள்ள. அவ்வளவுதான். ரேஷன் கார்டு ஆபீஸ்ல சம்சாரம் பேரு என்னன்னு கேட்டப்பக் கூட, பக்கத்துல நிக்கிறா, அவளையே கேளுங்கன்னாரு. என்ற பேரு அந்த வாயில வந்ததே இல்லை."

மாட்டிக்கிட்டேன். மூச்சைத் திருத்தினாரு, இழுப்பைத் திருத்தினாரு, பொண்டாட்டியை எப்படிக் கூப்பிடுவாருன்னு அந்த மேடையில யாரும் எனக்குச் சொல்லலை.

"சாவியக் குடுன்னாருங்க்கா. வண்டி மலை ஏறாதுன்னாரு."

அந்தக்கா சிரிச்சுது. ஆடியில இருந்து அந்த மூஞ்சியில நான் பாக்காத சிரிப்பு. அப்படிச் சொல்லு, அதான் எங்க ஊட்டுக்காரருன்னு கிரில்லைப் பாத்துச் சொல்லுச்சு. அப்பறம் என்ற பக்கம் திரும்புச்சு.

"நீ பொய் சொன்னது கூடப் பரவாயில்லை கனகு. அவரு சொல்லித்தான் நான் ஓட்டறேங்கிறாப்பல பண்ணிப்போட்டயே, அதுதான் எனக்கு ஆகலை."

அந்தக்கா எந்திரிச்சு வந்து கிரில்லு முன்னால நின்னுச்சு. மேல இருந்து கீழ ஒவ்வொரு பட்டையா வெரலை வச்சு எண்ணுச்சு. வாய் அஞ்சாவதுதானேன்னு கேட்டுச்சு. ஆமாங்க்கான்னேன்.

"அது ஒண்ணை மட்டும் பாய்கிட்டக் குடுக்கலாம். மத்தது இருக்கட்டும். அந்தக் கண்ணு என்னைய ஒண்ணும் சொன்னதில்லை."

மறுநாள் காலையில டீக்கடைக்கு முன்னால, அத்தனை பேரு இருக்கிறப்பவே பூபதியைக் கூப்பிட்டு, நேத்து அப்பா அப்படிச் சொல்லலை, கனகு இரக்கப்பட்டுச் சொன்னது, ஓட்டப்போறது நானா முடிவு பண்ணித்தான்னு அந்தக்கா சொல்லிப்போடுச்சு. வீதி என்கிட்ட ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசலை. எனக்கு அந்த ஒரு வாரத்துல வேலை ஓடுச்சு ஓட்டம், ரெண்டாவது கோட்டு, மூணாவது கோட்டு, பாலீஷ் எல்லாம் முடிஞ்சுது. பூபதி ரெண்டு நாள் மொறைச்சுக்கிட்டுத் திரிஞ்சான். மூணாவது நாளு சக்கரத்துக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்து பெஞ்சு மேல வச்சுப்போட்டுப் போனான்.

அஞ்சாவது பட்டையைக் கழட்டி அவரோட மஞ்சத் துணியிலயே சுத்தி, கோயமுத்தூர் பஸ்ஸுல நானும் அந்தக்காவும் போனோம். கல்யாணத்துக்கப்பறம் அந்தக்கா பஸ்ஸு ஏறினது அன்னைக்குத்தான். ஜன்னலோர சீட்டுல உக்காந்து, கண்ணாடியை முழுசாத் தொறந்து உட்டுக்கிட்டு, மடியில பட்டையை வச்சிருந்துச்சு. கிணத்துக்கடவு தாண்டற வரைக்கும் துணி அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. என்ன சொல்றாருன்னு அந்தக்கா கேட்டுச்சு. துணியைப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுது. பஸ்ஸுலயா போறோம்னு கேக்கறாருங்க்கான்னேன். ஆமாங்க, பஸ்ஸுலதான்னு அந்தக்கா துணிகிட்டக் குனிஞ்சு மரியாதையாப் பதில் சொல்லுச்சு.

சிராஜ் பாய் பட்டையை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாத்தாரு. மேல் ஓரத்துல மீசை இருக்குது, அதும் போயிரும், பரவாயில்லையான்னு மட்டும் கேட்டாரு. அதுக்கு அந்தக்கா ரோசனை பண்ண வேண்டியிருந்துச்சு. நல்ல மீசைன்னு சொல்லுச்சு. அப்பறம், போகட்டும்னுச்சு.

தொட்டிக்குப் பக்கத்துல போனதும் சித்த இருங்கன்னு சொல்லிப் பட்டையைக் கையில வாங்கிக்கிச்சு. ஏதாச்சும் சொல்றாரான்னு பாரு கனகுன்னுச்சு. நான் குனிஞ்சேன். நாப்பது வருஷமும் முப்பத்துச் சொச்சம் நாளும் நிக்காம அசைஞ்ச வாய், மேலுதடும் கீழுதடும் சேந்து, மூடிக்கிச்சு. ஊசி போட்டுக்கப் போற ஆளாட்ட இறுக்கமா. நான் காத்திருந்தேன். எத்தனையோ மேடையில நிறுத்தி நிறுத்திப் பேசறவன் நான், அந்த மாதிரி ஒரு நிறுத்தத்தை ஒரு தடவை கூடப் புடிச்சதில்லைங்க. ஒண்ணும் சொல்லலைங்க்கான்னேன், நெசமாவே ஒண்ணும் சொல்லலைங்க்கா, நானாச் சேக்கலை. அந்தக்கா முந்தானை நுனியில பட்டையை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே ஒரு தடவை தொடைச்சு, பாய் கையில குடுத்துப்போட்டு, வெளிய வந்து வெயில்ல நின்னுக்கிச்சு.

கார்த்திகைத் தீபத்தன்னிக்குக் காலையில கத்திரிப்பூ கலர் காரு எங்க வீதியில நின்னுச்சு. ஆறு பட்டையில லாக்கருக்கு அடியில நாட்ராயண்ணன், நடுவுல ஒரே ஒரு பட்டை மட்டும் தண்ணியாட்ட மின்னுச்சு. வீதி கோவத்தை மறந்துபோட்டு வந்து நின்னுச்சு. சென்னியப்பன் புளியங்கெளையைப் பத்தி ஏதோ ஆரம்பிச்சு, பதில் வராதுங்கிறது நெனப்பு வந்து, கெளையை வெட்டிப்போடறேன் நாட்ராயான்னு மெதுவாச் சொன்னாரு. மயிலாத்தாக்கா முந்தானை முடிச்சை அவுத்துச் சாவியை எடுத்துச்சு. ஏழாவது பட்டையில கை தட்டறது உச்சத்துக்குப் போச்சு. மொத கியரு நறநறன்னு உழுந்தப்ப மூணாவது பட்டைக் கண்ணு ரெண்டும் கோலிக்குண்டாட்ட ஆச்சு. காரு ஒரு குதி குதிச்சு, டீக்கடைப் பந்தக்காலை ஒரு வெரக்கடையில தாண்டி, ஆழியாறு ரோட்டைப் பாத்துப் போயிருச்சு.

எனக்குப் பட்டறை வெறிச்சுனு இருந்துச்சு. உப்புத்தாளை நனைச்சுப் புடிச்சேன்.

நாலு நாள் கழிச்சு, சனிக்கெழமை, ரோட்டு முனையில ஹாரன் கேட்டுச்சு. அந்தக்கா காரைப் பட்டறை முன்னால நிறுத்திச்சு, கொஞ்சம் கோணலா, ஆனா நிறுத்திச்சு. நாலு கண்ணாடியும் எறக்கி உட்டிருந்துச்சு. வண்டியெல்லாம் செம்மண்ணு, பின்னால சீட்டுல சிவகாமி குடுத்த ஆரஞ்சுப் பழம் ஒரு மூட்டை. தானே கதவைத் தொறந்து எறங்கி, தானே சாத்துச்சு, கீலு எறங்கலை. தங்கச்சி எப்படிங்க்கா இருக்குதுன்னு கேட்டேன். ஹாரன் சத்தம் கேட்டு, எந்திரிக்க முடியாதவ வாசப்படி வரைக்கும் தவழ்ந்து வந்துட்டா கனகுன்னு சொல்லிப்போட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு டீக்கடைக்குப் போயிருச்சு.

லாக்கரு கல்லடிபட்டுச் சேதமாயிருக்குதான்னு பாக்கக் கிரில்லு முன்னால குந்தவச்சேன். மூணாவது பட்டையில கண்ணு ரெண்டும் மூடியிருந்துச்சு. ஏழாவதுல கை பாக்கெட்டு மேல சும்மாக் கெடந்துச்சு. அஞ்சாவதுல, மூக்குக்கும் தாடைக்கும் நடுவுல, புதுக் குரோமியத்துல, என்ற வாய் தெரிஞ்சுது. அவரு நெத்தி, அவரு கண்ணு, அவரு மூக்கு, அதுக்குக் கீழ என்ற வாய், அளவு எடுத்து வச்சாப்பல, அத்தனை சரியா இருந்துச்சு. தொண்டையில அந்தக் குரலு தானா ஏறி வந்து நின்னுச்சு. பட்டையில வாய் தொறந்துச்சு.

பின்னால டீ டம்ளரோட அந்தக்கா நின்னுக்கிட்டு இருந்துச்சு.

"ஒம்பதாவது வளைவுல நிறுத்தி எறங்கிப் பாத்தேன், பயந்துக்கிட்டுக் கண்ணை மூடியிருந்தாரு. அப்படியே அசந்துட்டாரு. எழுப்பாத கனகு."